மழை வந்தால் இரையும் செட்: கொட்டகலை வீடொன்றில் நான்கு சத்தங்களைத் தேடிய கதை

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு ஓடியோ செட் பற்றியது இது. ஊரில் எல்லாரும் கூப்பிடுவது போல அவரை மாஸ்டர் என்றே சொல்கிறேன். அலமாரி நிறைய இசைத்தட்டும் கெசட்டும் வைத்திருக்கிறார். அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் பதிந்து, ஹோலில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் கேட்பதுதான் ஓய்வுக்குப் பிறகு அவருடைய வேலை. செட் இரையத் தொடங்கியதும் கொழும்பில் இருக்கும் மகன் ஒரு கடையில் விசாரித்து, அவர்கள் சொன்னபடி விலை கூடிய யூஎஸ்பி கேபிள் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். மாட்டினார்கள், இரைச்சல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே இருந்தது ஒரு இரைச்சல் இல்லை. நான்கு வேறு வேறு சத்தங்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டன, நான்குக்கும் நான்கு காரணம். எல்லாவற்றையும் “இரைச்சல்” என்று ஒரே பெயரில் சொன்னதால்தான் ஒரே மருந்தாக ஒரு கேபிளை வாங்கும் யோசனை வந்தது.

செட் இருந்த விதம் இதுதான். பின் அறையில் கணினி. அதிலிருந்து குட்டையான யூஎஸ்பி கேபிளில் ஒரு சின்ன டெக் (DAC) பெட்டி, அதாவது டிஜிட்டல் ஒலியை அனலொக்காக மாற்றும் பெட்டி. அதற்குத் தனி மின்சாரம் கிடையாது, யூஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டியிலிருந்து சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கேபிள் ஏறக்குறைய 6 மீற்றர் ஓடி, வீட்டு வயரிங் குழாயை ஒட்டிக்கொண்டே சுவரோரமாக வந்து, ஹோலில் உள்ள அம்ப்ளிபயரில் முடிகிறது. அம்ப்ளிபயருக்கு எர்த் உள்ள மூன்று பின் பிளக். அதே அம்ப்ளிபயரில் டிஷ் டிவி பெட்டியும் இன்னொரு ஆர்சிஏ கேபிளில் மாட்டியிருந்தது, செய்தியும் கிரிக்கெட்டும் கேட்க.

சத்தத்தைக் கேட்டே பாதி தூரம் போகலாம்

கையில் மல்டிமீட்டர் எடுக்கும் முன் நான் செய்வது ஒன்றுதான்: வொல்யூமைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது. வொல்யூமோடு சேர்ந்து இரைச்சலும் கூடினால் அது வொல்யூம் குமிழுக்கு முன்னாலிருந்து வருகிறது, அதாவது கணினி, டெக், கேபிள், டிஷ் பக்கம். எங்கே திருப்பினாலும் ஒரே அளவில் இருந்தால் குமிழுக்குப் பின்னால், அம்ப்ளிபயருக்குள்ளேயே தேட வேண்டும். அடுத்தது எல்லா இன்புட் கேபிளையும் கழற்றிவிட்டுக் கேட்பது. மாஸ்டர் வீட்டில் கழற்றியதும் செட் சுத்தமாக அமைதியாகிவிட்டது. அப்படியென்றால் அம்ப்ளிபயர் நல்லது, ஸ்பீக்கர் நல்லது, குற்றவாளி வெளியே.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். இங்கேதான் பலர் ஏமாறும் இடம் வருகிறது. கணினியை மட்டும் மாட்டியபோது மெல்லிய கீச்சுச் சத்தம், அவ்வளவுதான். டிஷ் பெட்டியின் கேபிளை மாட்டிய உடனே “ம்ம்ம்” என்று தடித்த இரைச்சல் எழுந்தது, அதுவும் செட்டில் கணினி இன்புட் தெரிவாகி இருக்கும்போதே. டிஷ் இன்புட்டைத் தொடவே இல்லை. காரணம் எளியது: பெரும்பாலான அம்ப்ளிபயர்களில் இன்புட் தெரிவு செய்யும் சுவிட்ச் உள்ளே இருக்கும் சிக்னல் வயரை மட்டும்தான் மாற்றும். கேபிளின் வெளி உறை எல்லா இன்புட்டுக்கும் பொதுவாக, எப்போதும் இணைந்தே கிடக்கும். டிவியை அணைத்தாலும் அந்த இணைப்பு போகாது.

மழைக்கும் செட்டுக்கும் என்ன சம்பந்தம்

மாஸ்டர் சொன்ன ஒரு வரிதான் எனக்கு மிகவும் உதவியது. “தம்பி, வெயில் நாள்ல இது இவ்வளவு மோசமில்ல. மழை புடிச்சா செட்டும் சேந்து அழுவுது.” வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை கொட்டும் ஊரில் எந்தப் பொருள் கெட்டாலும் மழையைத்தான் சொல்வார்கள்.

டிஷ்ஷைப் போய்ப் பார்த்தேன். தகரக் கூரையில் இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் காய்கறிப் பாத்தியின் ஓரமாக ஒரு பழைய இரும்புக் குழாயை மண்ணில் ஆழமாக இறக்கி அதில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். நல்ல உறுதி. ஆனால் ஈர மண்ணில் இறங்கிய இரும்புக் குழாய் என்பது ஒரு எர்த் கம்பிதான், யாரும் அப்படி நினைத்து நடவில்லை என்றாலும். வீட்டின் சொந்த எர்த் கம்பியோ மறுபக்கம், கூரைத் தாழ்வாரத்துக்கு அடியில், கல் அடுக்கிக் கட்டிய மதிலை ஒட்டிய காய்ந்த இடத்தில். ஆக வீட்டுக்கு இரண்டு எர்த். இரண்டும் ஒரே வோல்ட் மட்டத்தில் இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் பல வீடுகளில் இதே நிலைதான். கணினி, பிரிட்ஜ், சார்ஜர் என்று எதை எடுத்தாலும் உள்ளே இருக்கும் பில்டர் வழியாகவோ சுற்றுகள் வழியாகவோ மிகச் சிறிய அளவு 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் எர்த்துக்குக் கசியும். அது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தக் கசிவு வீட்டு எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். கம்பி நிற்கும் மண் பாறையும் காய்ந்த நிலமுமாக இருந்தால் அதன் தடை கூடும், ஆகவே வீட்டு எர்த் முழுவதும் உண்மையான நிலத்தை விடச் சில வோல்ட் மேலே நிற்கும். மறுபக்கம் டிஷ் குழாய் நிலத்தோடு ஒட்டி நிற்கிறது. இடையில் கசிவு மின்சாரத்துக்கு ஒரு குறுக்கு வழி கிடைக்கிறது: கணினியின் எர்த் பின், யூஎஸ்பி, டெக், 6 மீற்றர் ஆர்சிஏ கேபிளின் உறை, அம்ப்ளிபயர் உடல், டிஷ் பெட்டி, அதற்கு டிஷ்ஷிலிருந்து வரும் கோஎக்ஸ் கேபிளின் உறை, குழாய், மண். அம்ப்ளிபயரின் சொந்த எர்த் வயர் வழியாகவும் ஒரு பங்கு வரும். ஆர்சிஏ கேபிளில் உறைதான் சிக்னலின் திரும்பு வழியும். அதில் வேற்று மின்னோட்டம் ஓடினால் அங்கே விழும் சின்ன மில்லிவோல்ட்டை அம்ப்ளிபயர் பாட்டு என்றே எடுத்துப் பெரிதாக்கும்.

மழை பெய்தால் குழாயைச் சுற்றிய மண் நனைந்து நன்றாகக் கடத்துகிறது, குறுக்கு வழியில் ஓட்டம் கூடுகிறது, செட் இரைகிறது. சரிபார்க்க டிஷ் பெட்டியின் பின்னால் திருகி மாட்டும் கோஎக்ஸ் முனையைக் கழற்றினேன், இரைச்சல் அந்தக் கணமே நின்றது. கழற்றிய முனையின் உலோகத்துக்கும் அம்ப்ளிபயர் உடலுக்கும் இடையில் மீட்டரை ஏசியில் வைத்தால் சில வோல்ட் காட்டியது. ஒரு விஷயம்: மண் காய்ந்த நாளிலும் மீட்டர் வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டருக்கு ஓட்டம் அனேகமாகத் தேவையே இல்லை. இரைச்சலைச் செய்வது வோல்ட் மட்டும் இல்லை, ஓடும் மின்னோட்டம். அதற்குத்தான் ஈரம் வேண்டும்.

இதற்கு என்ன செய்யக்கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். அம்ப்ளிபயரின் எர்த் பின்னை உடைத்துவிடு, எர்த் வயரை வெட்டிவிடு என்று ஆலோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இரைச்சல் போகும், உண்மைதான். உள்ளே ஒரு வயர் உடலில் பட்டால் 230 வோல்ட் உங்கள் கைக்கு வரும், அதுவும் உண்மை. 13 அம்பியர் பிளக் பொயின்டின் மேல் ஓட்டையில் பேனா மூடியையோ ஸ்க்ரூ டிரைவரையோ குத்தித் திறந்து இரண்டு பின் பிளக்கை நுழைக்கும் பழக்கமும் இந்த ரகம்தான். மாஸ்டர் வீட்டிலும் ஒரு பேனா மூடி பிளக் பொயின்டிலேயே நிரந்தரமாகக் குடியிருந்தது, அதை எடுத்துப் போட்டுவிட்டு ஒழுங்கான அடப்டர் வாங்கச் சொன்னேன்.

செய்தது இரண்டு வேலை. ஊரில் உள்ள வயரிங் பாஸ் ஒருவரைக் கொண்டு டிஷ் குழாயைத் தடித்த பச்சை மஞ்சள் வயரால் வீட்டின் பிரதான எர்த்தோடு சேர்த்தோம், கூடவே வீட்டு எர்த் கம்பியையும் ஈரம் நிற்கும் இடத்தில் புதிதாக அடித்தார். இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. இது செட்டுக்காக மட்டும் இல்லை, மின்னலுக்காகவும் எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலை. மிச்சமிருந்த இரைச்சலைத் தீர்த்தது டிஷ் பெட்டியிலிருந்து ஆர்சிஏயை எடுத்துவிட்டு ஒப்டிகல் கேபிள் போட்டது. அதைப் பற்றிக் கீழே.

மவுஸை அசைத்தால் கீச்சு

இரண்டாவது சத்தம் கணினியுடையது. மவுஸை நகர்த்தினால், திரையை உருட்டினால், கோப்பு ஒன்றைத் திறந்தால் “கீச்… கிர்ர்” என்று சுருதி மாறும். இப்படி வேலைக்கு ஏற்ப மாறும் சத்தம் கேட்டாலே அது கணினியின் உள் மின் சத்தம் எர்த் வயரில் ஏறி வருகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இதில் ஒரு நிலையான விசில் இருந்தால் அதன் சுருதியும் துப்புத் தரும். யூஎஸ்பி 1 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை பேசும் பழைய வேகத்தில் ஓடினால் 1 கிலோஹேர்ட்ஸ், அதிவேகத்தில் 125 மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை என்பதால் 8 கிலோஹேர்ட்ஸ். மாஸ்டரின் செட்டில் கேட்டது 1 கிலோஹேர்ட்ஸ் பக்கம்.

மகன் அனுப்பிய கேபிளை இங்கேதான் சோதித்தோம். பார்க்க அழகான சாமான், துணி சுற்றியது, முனைகளில் தங்க நிறம். அதைக் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் கிடந்த பழைய பிரின்டரின் யூஎஸ்பி கேபிளை மாட்டினேன். அதே கீச்சு, அதே அளவு. மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. யூஎஸ்பி கேபிளில் போவது எண்கள். போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான், சேராவிட்டால் டிக் என்ற சத்தமோ இடைவெளியோ வரும். நல்ல கேபிளால் எண்கள் இனிமையாவதில்லை. ஆனால் அந்த எண்களோடு எர்த் வயர் ஒன்றும் 5 வோல்ட் வயர் ஒன்றும் கூடவே போகின்றன, கணினியின் அழுக்கு ஏறிவருவது அவற்றில்தான். விலை எவ்வளவாக இருந்தாலும் அந்த இரண்டு வயரும் இல்லாமல் சாதாரண யூஎஸ்பி கேபிள் செய்ய முடியாது. பணம் கொடுத்துத் தப்ப முடியாத இடம் அது.

எனது மடிக்கணினியை சார்ஜர் இல்லாமல் பற்றரியில் ஓடவிட்டு அதே டெக் பெட்டியில் மாட்டியபோது கீச்சு போய்விட்டது. எர்த்தோடு தொடர்பில்லாத கணினி என்றால் சத்தம் சுற்றிவர வழியில்லை. வீட்டில் சந்தேகம் இருந்தால் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இதுதான், செய்து பாருங்கள்.

தீர்வுக்கு ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்: தூரம் போக வேண்டியது டிஜிட்டலாகப் போகட்டும், அனலொக் கேபிள் குட்டையாக இருக்கட்டும். பழைய ஏற்பாட்டில் இது தலைகீழாக இருந்தது, யூஎஸ்பி ஒரு முழம், ஆர்சிஏ 6 மீற்றர். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீற்றர்தான் எல்லை என்பதால் அதை நீட்டுவதும் சரிவராது. மாஸ்டரின் கணினியின் மதர்போர்டில் பின்பக்கம் ஒப்டிகல் வெளியீடு இருந்தது, சின்ன மூடி போட்டபடி, யாரும் தொடாமல். ஆகவே ஒப்டிகல் இன்புட் இரண்டு உள்ள, தனி அடப்டரில் ஓடும் சாதாரண டெக் ஒன்றை வாங்கி அம்ப்ளிபயருக்குப் பக்கத்திலேயே வைத்தோம். கணினியிலிருந்து ஒன்று, டிஷ் பெட்டியிலிருந்து ஒன்று. டெக்கிலிருந்து அம்ப்ளிபயருக்கு அரை மீற்றர் ஆர்சிஏ.

ஒப்டிகல் கேபிளில் ஓடுவது சிவப்பு வெளிச்சம்; 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் இழை. டொஷிபா நிறுவனம் 1983-இல் தனது சீடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது, டொஸ்லிங்க் என்ற பெயர் அங்கிருந்துதான். வெளிச்சத்தில் எர்த் இல்லை, வயர் இல்லை, ஆகவே கணினிக்கும் அம்ப்ளிபயருக்கும் இடையில் மின் தொடர்பே அறுந்துவிட்டது. 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் வரை பிரச்சினையில்லாமல் போகும், மாஸ்டரின் பதிவுகளுக்கு அது போதும். 5 மீற்றர் வரை கவலையில்லை, அதற்கு மேல் கேபிள் நல்லதாக இருக்க வேண்டும். சுவரைச் சுற்றினால் 6 மீற்றர், நேரே சுவரில் துளை போட்டதால் 5-க்குள் அடங்கியது. மடித்துக் கூர்மையாக வளைத்துவிடாதீர்கள், இழை உள்ளே நொறுங்கினால் வெளியே தெரியாது. இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னப் பிளாஸ்டிக் தொப்பி போட்டு வரும். அதைக் கழற்றாமல் அழுத்தி மாட்டிவிட்டு கேபிள் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஒரு முனையை மாட்டிவிட்டு மறு முனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் சிவப்புப் புள்ளி விழும், அது தெரிந்தால் கேபிள் வேலை செய்கிறது.

கணினியில் ஒப்டிகல் இல்லாமல் கோஎக்ஸ் டிஜிட்டல் மட்டும் இருக்கிறதென்றால் 75 ஓம் கேபிள் வேண்டும். அதற்காகத் தனியாக வாங்க வேண்டியதில்லை, பழைய டீவீடி பிளேயரோடு வந்த மஞ்சள் முனை வீடியோ கேபிள் அந்த வகைதான். ஒரு எச்சரிக்கை: கோஎக்ஸில் உறை இருக்கிறது, ஆகவே எர்த் தொடர்பும் திரும்ப வந்துவிடலாம்.

மற்றவை

மூன்றாவது சத்தம் “டிட்டிடிட் டிட்டிடிட்”. எல்லாருக்கும் தெரிந்தது, தொலைபேசி. 2ஜியில் போன் தொடர்ச்சியாகப் பேசாமல் 4.6 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வெடித்து வெடித்து அனுப்பும், அது 217 ஹேர்ட்ஸ் சத்தமாகச் செட்டில் கேட்கும். சமவெளியில் கோபுரம் பக்கத்தில் இருந்தால் போன் மெல்ல அனுப்பும். மலை மறைக்கும் பள்ளத்து வீட்டில் கோபுரத்தை எட்டுவதற்கு முழு பலத்தோடு, 900 மெகாஹேர்ட்ஸில் 2 வாட் வரை, கத்த வேண்டியிருக்கிறது. மாஸ்டர் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னல் அம்ப்ளிபயருக்கு நேர் மேலே, ஆகவே மாஸ்டரின் மனைவி டீச்சர் தன் போனை அம்ப்ளிபயர் மேலேயே வைத்துப் பழகிவிட்டார். “அங்க வெச்சாத்தான் மக எடுக்குற கோல் வரும்” என்றார், நியாயம்தானே. ஜன்னலின் மறு ஓரத்தில் ஒரு சின்னத் தட்டு அடித்தோம். ஓரிரு மீற்றர் விலகியதே போதுமாக இருந்தது, மிச்சம் கேட்ட லேசான சத்தத்துக்கு ஸ்பீக்கர் வயர் அம்ப்ளிபயரை விட்டு வெளிவரும் இடத்தில் பெரைட் கட்டை (வயரைக் கவ்வி நிற்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினேன். பெரைட் இப்படியான உயர் அலைவரிசைக்குத்தான் உதவும், 50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு எத்தனை மாட்டினாலும் பயனில்லை.

நான்காவது, கரகரப்பு. கேபிளைத் தொட்டால் ஒரு பக்க ஸ்பீக்கர் போய் வரும். மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடும் ஊரில் ஆர்சிஏ முனைகள் கறுத்துப்போகின்றன. ஐசோபுரொபைல் அல்கஹோலில் தோய்த்த துணியால் முனையையும் சொக்கெட்டையும் துடைத்து, கழற்றி மாட்டி நாலைந்து முறை சுழற்றினால் சரி. தங்க முலாம் உண்மையாகப் பயன்படும் ஒரே இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது, தங்கம் கறுக்காது.

ஸ்பீக்கர் வயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் செலவழித்த காசுக்கு அதிக பலன் தந்தது அதுதான். கோலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிய வயர், 0.5 சதுர மில்லிமீற்றர் இருக்கும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 8 மீற்றர் ஓடியது. போக வர 16 மீற்றர், செம்பு வயரில் கணக்குப் போட்டால் 0.55 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம், பொதுவாக வயரின் தடை அதில் 5 வீதத்தை, அதாவது 0.4 ஓமைத் தாண்டக்கூடாது என்பார்கள். ஒலி குறைவது அரை டெசிபல்தான், அது பெரிதில்லை. ஆனால் ஸ்பீக்கரின் தடை ஒவ்வொரு சுருதிக்கும் மாறுவதால் தடிப்பில்லாத வயர் சில இடத்தில் கூட்டியும் சில இடத்தில் குறைத்தும் கொடுக்கும், பேஸ் கட்டுப்பாடில்லாமல் தொங்கும். ஹட்டனில் ஹார்ட்வெயார் கடையில் 1.5 சதுர மில்லிமீற்றர் வளையும் செம்பு வயரை மீற்றர் கணக்கில் வெட்டி வாங்கிப் போட்டோம், 0.18 ஓமுக்கு இறங்கியது. 2.5 போட்டால் 0.11. அதற்கு மேல் தடிப்பாக வாங்குவது வீண். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்று ஒன்று விற்கிறார்கள், நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதை வாங்குவதென்றால் ஒரு அளவு தடிப்பாக வாங்குங்கள்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. இசைத்தட்டு பிளேயரில் தனியாக ஒரு 50 ஹேர்ட்ஸ் முனகல் இருக்கிறது, அது எர்த்தால் வருவதில்லை, அம்ப்ளிபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்போமரின் காந்தப்புலத்தை ஊசியின் சுருள் பிடித்துக்கொள்கிறது. சாதாரணக் கேபிள் உறை காந்தத்தைத் தடுக்காது. பிளேயரை மேசையில் ஒரு பக்கம் திருப்பி வைத்ததும் குறைந்தது, தூர வைத்தால் இன்னும் குறையும், ஆனால் அந்த மேசையில் இனி இடமில்லை. மாஸ்டருக்கு அலமாரியை நகர்த்தச் சம்மதமில்லை.

இடியைப் பற்றியும் அவரிடம் பேசினேன். பருவமழைக்கு இடைப்பட்ட மாதங்களில், மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும், பின்னேரங்களில் இடி விழும். ஒப்டிகல் கேபிள் கணினியையும் செட்டையும் ஒன்றிடமிருந்து ஒன்று பிரிக்கிறது, ஆனால் இரண்டும் மின் லைனில்தான் நிற்கின்றன, டிஷ் கேபிளும் குழாயிலிருந்து நேரே வீட்டுக்குள் வருகிறது. வானம் கறுத்ததும் பிளக்குகளையும் டிஷ் பெட்டியின் கோஎக்ஸ் முனையையும் கழற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் இடி கேட்ட பிறகு கழற்றப் போவது ஆபத்து, அதற்கு முன்பே கழற்ற வேண்டும்.